பழனி மலையின் குரல்கள்: வீட்டு ஒலிப்பதிவைக் காப்பதும் வரலாற்று வேலைதான்

அண்ணல் அம்பேத்கரின் குரலை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். 1955இல் பிபிசி வானொலிக்கு அவர் அளித்த பேட்டி இன்று நம் கைபேசிகளில் கிடைக்கிறது. காந்தியைப் பற்றிய தன் மதிப்பீட்டை அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லும் அந்தத் தொனியை எந்தப் புத்தகமும் தர முடியாது. அவர் பேசினார் என்பதால் மட்டும் அது நமக்குக் கிடைத்துவிடவில்லை. பதிந்ததை ஒரு நிறுவனம் பல பத்தாண்டுகள் தூக்கி எறியாமல் வைத்திருந்தது.

அயோத்திதாசப் பண்டிதரின் குரலை நாம் கேட்டதில்லை. கிராமபோன் கம்பெனி இந்தியாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியது 1902இல். பண்டிதர் மறைந்தது 1914இல். நடுவே பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆனால் கம்பெனிகள் தேடிப்போனது விற்பனையாகும் பாட்டுகளை. ராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை நடத்திய ஒரு தலித் அறிஞரின் பேச்சு அந்தச் சந்தைக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அவருடைய எழுத்து பிழைத்தது. எப்படி என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் தொடங்கிய அந்த வார இதழ், பின்னர் 'தமிழன்' ஆனது. எந்த அரசு நூலகமும் அதைப் போற்றி வைக்கவில்லை. கோலார் தங்கவயலிலும் சென்னையிலும் இருந்த வாசகர்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைத் தேடிப் பாதுகாத்தார்கள். அப்படி எஞ்சியவற்றிலிருந்துதான் 1999இல் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவந்தார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. பண்டிதர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து அவர் நமக்குத் திரும்பக் கிடைத்தார். வீட்டில் வைத்திருந்தவர்கள் இல்லையென்றால் கிடைத்திருக்க மாட்டார்.

இன்று பழனி மலையில், தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் பெரும்பாறையிலும், நம் மக்களின் வீடுகளில் அதேபோல ஒன்று கிடக்கிறது. இந்த முறை காகிதம் இல்லை, ஒலி. பரணில் கிடக்கும் கேசட்டுகளிலும், திரை உடைந்த கைபேசியிலும், யாரோ ஒரு தம்பியின் கணினியில் 'புதிய ஃபோல்டர் 3' என்ற பெயரிலும் அது இருக்கிறது. காப்பிக் காட்டு வேலைப் பாட்டு, ஒப்பாரி, பறை அடி, கூலிப் போராட்டக் கூட்டத்தின் பேச்சு, இப்போதைய பிள்ளைகள் வீட்டிலேயே பதியும் ராப் பாட்டு எல்லாம் அதில் உண்டு. இதை ஒழுங்குபடுத்திப் பிரதி எடுத்து வைப்பது கணினி தெரிந்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல, வரலாற்று வேலை என்பதே இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

மலையில் எதைச் சேமித்தார்கள்

பழனி மலைக்குச் சேமிப்பு புதிதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. அதன் பிறகு சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற கேள்வி அரசாங்கத்துக்கு முக்கியமானது. அந்தக் கேள்வியின் நீட்சியாக 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்தது. 1904 முதல் வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் புகைப்படத் தட்டுகளில் பதித்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தேதி உண்டு, நேரம் உண்டு. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நூறாண்டுக்கும் மேலான அந்தத் தட்டுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக மாற்றி, உலகில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நல்ல வேலை. தேதி, வரிசை, பிரதி மூன்றும் இருந்தால் நூறு ஆண்டு பழைய தரவும் உயிரோடு இருக்கும் என்பதற்கு நம் மலையிலேயே இருக்கும் சாட்சி அது.

அதே மலையில் செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அவர்களுடைய மதுரை மாகாண ஆவணக் காப்பகம் அங்கே இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம் பகுதிக் கிராமங்களில் நடந்த சாதிச் சண்டைகளும் கோயில் மரியாதைத் தகராறுகளும் பாதிரியார்களின் கடிதங்கள் வழியாக அங்கே பதிவாகியிருக்கின்றன. டேவிட் மோஸ் போன்ற ஆய்வாளர்கள் தமிழகத் தலித் கிறித்தவர்களின் வரலாற்றை எழுத அந்தக் கடிதங்கள் பயன்பட்டன. ஆனால் அவை பாதிரியார்கள் எழுதியவை. நம் பாட்டன்மார் பேசியதை அவர்கள் கேட்டு, தங்கள் மொழியில், தங்கள் தேவைக்கு எழுதியது.

மலைப் புலையர்களின் கதையும் அப்படித்தான். 1868இல் ஜே.எச். நெல்சன் எழுதிய மதுரை மாவட்டக் கையேடு, மலையில் குன்னுவர்களின் நிலத்தில் அடிமைகளாக உழைத்தவர்கள் என்று அவர்களைக் குறிக்கிறது. 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் மூக்கின் அகலத்தையும் தலையின் நீளத்தையும் அளந்த காலத்தைச் சேர்ந்தவை. 1908இல் ஒரு இயேசு சபைப் பாதிரியார் பழனி மலைப் பளியர்களைப் பற்றி 'ஆந்த்ரோபோஸ்' இதழில் எழுதினார். அடிமைப்பட்ட நாளைப் பற்றி மலைப் புலையர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்கள், பளியர்கள் தேன் எடுக்கப் போகும்போது என்ன பாடினார்கள் என்பதை அந்த மக்களின் வாயால் கேட்க இவற்றில் வழியில்லை.

ஒலிப்பதிவுக் கருவி வந்த பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை கிராமபோன் தட்டுகளில் பல மொழிகளும் வழக்குகளும் பதிவாயின. சென்னை மாகாணத்திலும் பதிந்தார்கள். பேச வந்தவர்களிடம் வழக்கமாகக் கொடுக்கப்பட்டது பைபிளில் வரும் ஊதாரி மகன் கதை. எல்லா மொழியையும் ஒரே கதையில் ஒப்பிட வேண்டும் என்பது அதற்கான காரணம். கூடவே ஒரு கதையோ பாட்டோ சேர்த்துப் பதிவதும் உண்டு. ஆக, முதன்முதலில் எளிய மக்களின் வாய்க்கு எதிரே கருவி வந்தபோது, அவர்கள் பேசியதில் பெரும்பகுதி வேறொருவர் தேர்ந்துகொடுத்த கதை. ஆனாலும் அந்தத் தட்டுகள் இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. ஒரே இடத்தில் பூட்டி வைக்காமல் ஐரோப்பாவின் பல கல்வி நிறுவனங்களுக்குப் பிரதிகளை அனுப்பினார்கள். பல இடத்தில் இருப்பது அழிவதற்கு நாளாகும் என்பது அப்போதே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேசட் நம் கைக்கு வந்தபோது

1963இல் பிலிப்ஸ் கம்பெனி சிறிய கேசட்டை அறிமுகம் செய்தது. 1980களில் அது இந்தியாவில் மலிவாகி ஊருக்குள் வந்தது. அதற்கு முன் ஒலிப்பதிவு என்றால் ஸ்டூடியோ, கம்பெனி, வானொலி நிலையம். அந்த மூன்றின் வாசலிலும் யார் நின்றார்கள், யார் உள்ளே போனார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. கேசட் அந்த வாசலைச் சுற்றிப்போக ஒரு வழி காட்டியது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் பதிவாகும். இன்னொரு டேப் ரெக்கார்டர் இருந்தால் பிரதி எடுக்கலாம். வட இந்தியாவில் இது இசைச் சந்தையையே எப்படிப் புரட்டிப்போட்டது என்று பீட்டர் மானுவல் 1993இல் ஒரு புத்தகம் எழுதினார்.

நம் பக்கம் கே.ஏ. குணசேகரனை நினைத்துப் பாருங்கள். 'தன்னானே' கலைக்குழுவோடு அவர் பாடிய இன்குலாபின் 'மனுசங்கடா' மேடையில் மட்டும் நின்றுவிடவில்லை. ஒலிநாடா வழியாகவும் சேரிகளுக்குப் போனது. மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், 'பறட்டை' என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டில் விடுதலைப் பாடல்களை உருவாக்கினார். படிப்பறிவில்லாத பெண்களும் பாடவும் மாற்றவும் கூடியதாக இசை இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 2005இல் அவர் மறைந்தார். அவரைப் பற்றி சோயி ஷெரினியன் எழுதிய விரிவான நூல் 2014இல் அமெரிக்காவில் வெளியானது. மலையடிவாரத்தில் திண்டுக்கல்லில் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தலித் பெண் பிள்ளைகளுக்குப் பறை கற்றுக்கொடுத்து, சாவு வீட்டில் ஆண்கள் அடிக்க வேண்டிய இழிதொழில் என்று திணிக்கப்பட்டிருந்ததை மேடைக் கலையாக்கியது. 2025இல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவையெல்லாம் வெளியே தெரிந்தவை.

வெளியே தெரியாதது வீட்டுக்குள் இருக்கிறது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழரில் ஒரு பகுதியினர் கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தார்கள். கடல் தாண்டி இருக்கும் அக்காவுக்குக் கடிதம் எழுதத் தெரியாத தாய், கேசட்டில் பேசி அனுப்பினாள். கல்யாணப் பாட்டும் மாரியம்மன் கோயில் கும்மியும் இறந்துபோன தாத்தாவின் இருமலும் ஒரே கேசட்டில் அடுத்தடுத்து இருக்கும். இதற்கெல்லாம் பட்டியல் கிடையாது. மேலே ஒட்டிய காகிதத்தில் 'இளையராஜா ஹிட்ஸ்' என்று இருக்கும். உள்ளே இருப்பது பாட்டியின் ஒப்பாரி.

எப்படி அழிகிறது

பெரிய காப்பகங்களும் அழிகின்றன என்பதை நாம் அறிவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ தீயில் புகழ்பெற்ற இசைக் கலைஞர்களின் மூல ஒலிநாடாக்கள் போயின. அதன் முழு அளவு உலகுக்குத் தெரிய 2019 ஆனது. 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. இன்று பேச ஆளே இல்லாத பூர்வகுடி மொழிகளின் பதிவுகளும் அதில் போயின. அந்த மொழியைப் பேசிய கடைசி மனிதர் இரண்டாவது முறை செத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் தீ தேவையில்லை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆண்டில் பாதி நாள் பனியும் மஞ்சும். ஈரத்தில் நாடாமேல் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு, பசை காய்ந்து விழுந்துவிடும். கேசட் பிழைத்தாலும் அதை ஓட்ட டேப் ரெக்கார்டர் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை. இதனால்தான் யுனெஸ்கோ 2019இல் உலக ஒலிக் காப்பகங்களின் சங்கத்தோடு சேர்ந்து காந்த நாடாக்களுக்கான எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கியது. 2025 வாக்கில் நாடாவை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் கிடைப்பது அரிதாகிவிடும் என்றார்கள். அந்த ஆண்டு வந்துவிட்டது.

கைபேசிப் பதிவுக்கு ஆயுள் இன்னும் குறைவு. மெமரி கார்டு ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடும். போனை மாற்றும்போது கடையில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டு சுருங்கி, தேய்ந்து, பெயர் இழந்து போய்ச் சேரும். யூடியூபில் ஏற்றினேன், அது போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பதிப்புரிமைப் புகாரோ மறந்துபோன கடவுச்சொல்லோ போதும், அது இல்லாமல் போக. யூடியூப் மேடை. மேடையில் பாடுவதும் பெட்டியில் பாதுகாப்பதும் வேறு வேறு வேலை.

யாழ்ப்பாணம் எரிந்ததிலிருந்து ஈழத் தமிழர் கற்ற பாடத்தையும் சொல்ல வேண்டும். 2005இல் தன்னார்வலர்கள் நூலகம் என்ற டிஜிட்டல் நூலகத்தைத் தொடங்கினார்கள். நூல், பத்திரிகை, வாய்மொழி வரலாறு எல்லாம் அதில் சேர்கிறது. அரசு கட்டித்தரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பெயர் இல்லாமல் இருப்பதும் அழிவுதான்

1890இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜெசி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற ஆய்வாளர் பாசமாக்வாடி பூர்வகுடி மக்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிந்தார். களத்துக்குப் போய் எடுத்த ஒலிப்பதிவுகளில் உலகிலேயே மிகப் பழையவை அவை. பதிந்தவர் பெயர் வரலாற்றில் நின்றது. பாடியவர்களின் சந்ததிக்கு அந்தக் குரல் திரும்பிவர ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. 1980களில்தான் கேசட் பிரதி கொடுத்தார்கள். பின்னாளில் தெளிவாக மாற்றிய பதிவுகள் வந்தபோது, அந்த மக்களே உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தங்கள் மொழியில் தலைப்பும் விளக்கமும் எழுதினார்கள். எதை வெளியார் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் வந்த பல நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். பாடிய பெண்ணின் பெயர் பல இடங்களில் இருக்காது. 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஆனதும் அது யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு நிலம் மாதிரி ஆகிவிடுகிறது. யார் வேண்டுமானாலும் வேலி போடலாம்.

2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' உங்களுக்குத் தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாட்டோடு தொடர்புடைய மற்றவர் இடம்பெற, அறிவு இடம்பெறாததை இயக்குநர் பா. இரஞ்சித் கேள்வி கேட்டார். 2022இல் யார் எதை உருவாக்கினார்கள் என்று சம்பந்தப்பட்ட கலைஞர்கள் ஒவ்வொருவரும் பொதுவெளியில் தத்தம் கணக்கைச் சொல்ல வேண்டி வந்தது. அந்த விவாதத்தில் தீர்ப்பு சொல்வது இங்கே நம் நோக்கமல்ல. வீட்டில் பாட்டு உருவாக்கும் நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். முதல் முணுமுணுப்பு பதிவான கோப்பு, அதன் தேதி, யார் வரி, யார் மெட்டு, எந்தப் பாட்டியிடம் கேட்டது என்ற குறிப்பு எல்லாம் பத்திரமாக இருந்தால், பின்னால் யாரிடமும் போய்ச் சான்று கேட்டு நிற்க வேண்டியதில்லை.

மலைப் புலையர்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரி வருகிறார்கள். பழங்குடி என்று ஏற்பதற்கு 1965இல் லோக்கூர் குழு வகுத்த அளவுகோல்களில் தனித்த பண்பாடு என்பதும் ஒன்று. அதைக் காட்ட நம் கையில் என்ன இருக்கிறது? நெல்சன் எழுதியது இருக்கிறது, தர்ஸ்டன் எழுதியது இருக்கிறது. அந்த மக்களின் பேச்சும் பாட்டும் சடங்கும் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் பதிவாகி இருந்தால் அதுவும் மேசைமேல் வைக்கும் ஆவணம் ஆகும்.

வன்கொடுமை வழக்கும் இப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் 'ஹேஷ்' எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு நொடி வெட்டினாலும் எண் மாறிவிடும். சாதி சொல்லித் திட்டிய அழைப்பின் பதிவு கையில் இருந்தால், பதிவான அந்தக் கைபேசியையும் வெட்டாத மூலக் கோப்பையும் தொடாமல் வைத்திருங்கள். நாலு பேருக்குப் பகிர்ந்து சுருங்கிய வாட்ஸ்அப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போனால் வழக்கு பலவீனமாகும்.

செய்ய வேண்டியது

நாங்கள் ஊர்களில் இளைஞர்களோடு உட்காரும்போது நான்கு வேலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது, மூலத்தை எடுப்பது. கேசட் என்றால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு டேப் டெக்கைத் தேடிப் பிடியுங்கள். தலைப்பகுதியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். அது கருவியையும் அடுத்த கேசட்டையும் கெடுக்கும். தனியாக எடுத்துவைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். தவறி அதன்மேல் பதிவாகாது. டெக்கிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். ஒரு டிபி ஹார்டு டிஸ்க்கில் 900 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். எம்பி3 கேட்பதற்கும் அனுப்புவதற்கும் மட்டும். இரைச்சலை நீக்கிய பதிப்பு வேண்டுமென்றால் தனிக் கோப்பாகச் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பின்னணியில் குரைக்கும் நாயும் கொட்டும் மழையும்கூட ஒரு காலத்தின் சாட்சிதான்.

வீட்டில் பாட்டு உருவாக்குபவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் கோப்பு பத்து ஆண்டு கழித்துத் திறக்கும் என்று நம்பாதீர்கள். பாட்டு முடிந்ததும் குரல், பறை, பாஸ் என ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து முழு நீளத்துக்குத் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, ஒரே ஃபோல்டரில் போடுங்கள். எந்த மென்பொருளிலும் அவற்றை வரிசையாக அடுக்கினால் பாட்டு திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது, பெயர். '2025-01-18_தாண்டிக்குடி_ஒப்பாரி_01' என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் முதலில் வந்தால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். கூடவே ஒரு அட்டவணை வேண்டும். பாடியவர் யார், அவர் வயது, ஊர், யாரிடம் கற்றார், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது, பதிந்தவர் யார், வெளியிட அனுமதி உண்டா என்று எழுதுங்கள். யூனிகோடு தமிழில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய குறிப்புகள் இன்று பல கணினிகளில் குப்பை எழுத்தாகத் தெரிகின்றன. அட்டவணையை அச்சடித்து ஒரு நோட்டிலும் ஒட்டி வையுங்கள். கேட்க வேண்டியதைப் பாட்டி உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பாட்டு கைக்கு வந்தும் பாடியவர் பெயர் போய்விட்டால், நெல்சன் காலத்துக்குத்தான் திரும்பிப் போகிறோம்.

மூன்றாவது, பிரதி. புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய ஒரு எளிய கணக்கு உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். ஒன்று உங்கள் கணினியில். ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில். அதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், அடுப்பங்கரைப் பரண் வேண்டாம். மூன்றாவது மலைக்குக் கீழே, வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ நம்பிக்கையான தோழர் வீட்டில், அல்லது இணையச் சேமிப்பில். மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டாலும், வீட்டில் சோதனை நடந்து கணினியை எடுத்துப்போனாலும், ஒன்று மிஞ்சும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகர்கள் 1999இல் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு, நிறையப் பிரதி இருந்தால் பொருள் பத்திரம் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். தங்கவயல் வாசகர்கள் அதை அவர்களுக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

நான்காவது, சோதனை. பிரதி எடுத்து அலமாரியில் வைத்து மறந்தால் அது பாதிப் பாதுகாப்புதான். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா டிஸ்க்குகளையும் இணைத்து, கோப்புகளின் ஹேஷ் எண் முதலில் எழுதிவைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாறியிருந்தால் கோப்பு கெட்டிருக்கிறது, மற்ற பிரதியிலிருந்து சரிசெய்யுங்கள். ஐந்து ஆண்டான ஹார்டு டிஸ்க்கை நம்பி உட்காராமல் புதியதுக்கு மாற்றுங்கள். நாள் மறக்காமல் இருக்க ஏப்ரல் 14 என்று வைத்துக்கொள்ளலாம். சிலைக்கு மாலை போட்டுவிட்டு வந்து டிஸ்க்கைச் சொருகுங்கள்.

இந்த நான்குக்கும் மேலே ஒன்று இருக்கிறது, அனுமதி. பாடியவரிடம் கேட்காமல் எதையும் வெளியிடாதீர்கள். பளியர் வீட்டுச் சடங்குப் பாட்டு எல்லோருக்குமானது இல்லை. வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட பெண் நம்மிடம் பேசியது அவள் பெயரோடு வெளியே போகக்கூடாது. அப்படிப்பட்ட கோப்புகளைத் தனி ஃபோல்டரில் பூட்டி, பெயருக்குப் பதில் எண் போட்டு வையுங்கள். பதிந்த ஒவ்வொன்றின் பிரதியும் பாடியவர் வீட்டுக்குப் போக வேண்டும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, அவருடைய பேரப்பிள்ளைக்கு எப்படித் திறப்பது என்று காட்டிவிட்டு வாருங்கள். வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனான், ஆய்வாளர் எடுத்துக்கொண்டு போனார் என்று குறை சொல்லும் நாமும் எடுத்துக்கொண்டு மட்டும் வரக்கூடாது.

பெரிய பணம் வேண்டிய வேலை அல்ல இது. ஐந்து பேர் பங்கு போட்டால் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கலாம். வேண்டியது பொறுமையும் வரிசையும்தான். சூரியனை இந்த மலை நூறு ஆண்டாகத் தேதி போட்டு வைத்திருக்கிறது. அந்தச் சூரியனுக்குக் கீழே காப்பி பறித்தவர்களின் குரலுக்குத் தேதி போடுவது நம் வேலை. இந்த வாரம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கேசட்டைத் தேடி எடுங்கள். ஓட்டும் முன், அதில் இருப்பது யார் குரல் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.